கப்பல் பட்டியலில் நிற்கும் முன்னோர்

கொடிவழி எழுதும் வழக்கம் தமிழ் நிலத்தில் மிகப் பழையது. முதலாம் இராசேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் சோழர் மரபைச் சூரியனிலிருந்தே தொடங்குகின்றன. அவை புராணத்தையும் வரலாற்றையும் ஒரே கோவையாக இணைத்து, அரசர்களின் பெயர்களை வரிசையாகத் தருகின்றன. நிலம் பெற்றவர்களும் கோயிலுக்குக் கொடை தந்தவர்களும் ஊர்ச்சபையில் அமர்ந்தவர்களும் கல்வெட்டுகளில் பெயரோடு நிற்கிறார்கள். அந்த நிலத்தில் நாற்று நட்டவர்களும் கதிர் அறுத்தவர்களும் அங்கே அரிதாகவே காணப்படுகிறார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரின் பெயர்கள் இருப்பதும், அடிமைகளை விற்ற ஓலைகளில் விற்கப்பட்டவர்களின் பெயர்கள் இருப்பதும் போன்ற விதிவிலக்குகள் சில உண்டு. ஆனால், நிலமற்ற உழைப்பாளி ஒருவரின் பெயரும் தகப்பன் பெயரும் ஊரும் வயதும் உடலிலுள்ள தழும்பும் ஒரே வரியில், பல்லாயிரக்கணக்கில் எழுதப்பட்டது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் நிகழ்ந்தது. அதுவும் அவர் பிறந்த ஊரில் நிகழவில்லை. கடல் கடந்து கூலி வேலைக்குப் போவோரை அடைத்துவைத்திருந்த சென்னைத் துறைமுகக் கிடங்குகளிலும், அவர் சென்று இறங்கிய தீவுகளிலும்தான் நிகழ்ந்தது. முன்னோரைத் தேடும் முயற்சியைப் பற்றித் தமிழ்நாட்டில் பேசும்போது முதலில் கணக்கில் கொள்ள வேண்டிய உண்மை இது.

பிரிட்டிஷ் பேரரசில் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் 1833இல் நிறைவேறியபின், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் சேர்ப்பதற்காக உருவானதே ஒப்பந்தக் கூலி முறை. குறிப்பிட்ட சில ஆண்டுகள், பெரும்பாலும் ஐந்தாண்டுகள், ஒரு முதலாளியிடம் மாறாக் கூலிக்கு உழைப்பதாகக் கைநாட்டு வைத்துக் கப்பலேறுவதே அதன் சாரம். இடையில் வேலையை விட்டு நீங்குவது குற்றமாகக் கருதப்பட்டது. 1834இலிருந்து 1910 வரை மொரீசியசுக்கு ஏறத்தாழ நாலரை லட்சம் பேர் சென்றார்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் சென்னை மாகாணத்திலிருந்து புறப்பட்டவர்கள். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு முதல் கப்பலான ‘ட்ரூரோ’ சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. 1911இல் அந்த முறை அங்கே முடிவுக்கு வருவதற்குள் 1,52,184 பேர் இறங்கியிருந்தார்கள். பெரும்பான்மையினர் சென்னை வழியாக வந்தவர்கள். ஃபிஜித் தீவுகளுக்கு 1879 முதல் 1916 வரை அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் சென்றனர். 1903இலிருந்து சென்னைத் துறைமுகமும் அதில் சேர்ந்தது. பிரெஞ்சுக்காரர்களின் ரீயூனியன், மார்ட்டினிக், குவாதலூப் தீவுகளுக்குப் புதுச்சேரியும் காரைக்காலும் வாயில்களாக இருந்தன.

இந்தப் பயணிகள் ஒவ்வொருவருக்கும் ஒரு குடிபெயர்வுச் சீட்டு எழுதப்பட்டது. அவர்கள் சென்ற கப்பலுக்கு ஒரு பெயர்ப்பட்டியல் தயாரிக்கப்பட்டது. காலனிக்குக் காலனி அமைப்பு சிறிது மாறினாலும் பயணியின் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, பால், சாதி, உயரம், உடல் அடையாளம், ஜில்லா, தாலுகா, கிராமம் ஆகியவை பொதுவாக அவற்றில் இடம்பெற்றன. சிலவற்றில் ஊரில் இருக்கும் நெருங்கிய உறவினரின் பெயரும் சேர்ந்தது. இத்தனை விவரங்களையும் எழுதியவர்களுக்கு வரலாற்றின்மேல் அக்கறை எதுவும் இருக்கவில்லை. தப்பி ஓடுபவரை அடையாளம் காணவும், இறந்தவரின் கணக்கைத் தீர்க்கவும், ஒப்பந்தம் முடிந்தவரைப் பிரித்தறியவும் அவர்களுக்கு இவை தேவைப்பட்டன. இடது கன்னத்தில் வடு, வலது முழங்காலில் தழும்பு என்று எழுதியது காவல்துறைக்கான குறிப்பாகத்தான். ஆனால், நூறாண்டு கழித்து அந்தக் குறிப்பைப் படிக்கும் கொள்ளுப்பேத்திக்குத் தன் பூட்டனின் உடலைப் பற்றிக் கிடைக்கும் ஒரே செய்தி அதுவாகவே இருக்கிறது. கட்டுப்படுத்துவதற்காக எழுதப்பட்ட தாளே கால்வழியின் ஒரே சான்றாக மிஞ்சியிருக்கிறது என்பது வேதனை தருவது; அதற்காக அந்தத் தாளின் மதிப்பு குறைந்துவிடாது.

இந்த ஆவணங்களில் தேடுவோருக்குத் திறவுகோலாக அமைவது பெயரைவிட எண்தான். ராமசாமி, முனுசாமி, வீரம்மாள், முனியம்மாள் என ஒரே கப்பலில் பல பேர் இருந்திருக்கக்கூடும். ஆனால், குடியேறியவருக்குத் தரப்பட்ட காலனி எண் அவருக்கு மட்டுமே உரியது. நேட்டாலில் அந்த எண் அவரை வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது. திருமணப் பதிவிலும், குழந்தைகளின் பிறப்புப் பதிவிலும், முதலாளிமேல் கொடுத்த முறையீட்டிலும், இறப்புக் குறிப்பிலும் அது வருகிறது. ஆகவே தேடலை முன்னோரிடமிருந்து தொடங்குவதில் பயனில்லை. வீட்டிலுள்ள இறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், மூத்தவர்களின் நினைவு ஆகியவற்றிலிருந்து தொடங்கி, ஒரு தலைமுறையை உறுதி செய்தபின் அடுத்ததற்குச் செல்ல வேண்டும். எங்கோ ஓரிடத்தில் அந்த எண் தென்படும்போது கப்பல் பட்டியலுக்கான கதவு திறக்கும். நேட்டால் கப்பல் பட்டியல்களின் மூலப்பேரேடுகள் டர்பன் ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன; அவற்றின் செய்திகள் கணினித் தரவுகளாகவும் மாற்றப்பட்டுள்ளன. அவற்றை அடிப்படையாகக் கொண்டு வரலாற்றாசிரியர் சுரேந்திர பானா 1991இல் வெளியிட்ட ஆய்வு, யார் எங்கிருந்து சென்றார்கள் என்பதைப் புள்ளிவிவரமாக வகைப்படுத்தியது. அதற்கு முன்பே, 1983இல், ஃபிஜியில் பிறந்த பிரிஜ் லால் வட இந்தியாவிலிருந்து அங்கு சென்ற 45,000க்கும் மேற்பட்டோரின் சீட்டுகளைக் கணினியிலேற்றி ஆராய்ந்திருந்தார். அவரும் ஒப்பந்தக் கூலியாகச் சென்ற ஒருவரின் பேரர்தாம்.

மொரீசியசு இதில் ஒரு படி மேலே நிற்கிறது. அங்கே 1867ஆம் ஆண்டின் சட்டம் ஒப்பந்தம் முடிந்த பழைய குடியேறிகளைப் புகைப்படம் ஒட்டிய சீட்டை எப்போதும் கையில் வைத்திருக்கும்படி கட்டாயப்படுத்தியது. சீட்டில்லாதவர் தெருவில் கைதானார். இந்தக் கொடுமையை எதிர்த்து அடோல்ஃப் டி பிளெவிட்ஸ் என்ற தோட்ட நிர்வாகி 1871இல் ஆயிரக்கணக்கானோரின் கையொப்பத்துடன் விண்ணப்பம் கொடுக்க, அரச விசாரணைக் குழுவே அமைக்கப்பட்டது. அன்று அடக்குமுறைக் கருவியாக இருந்த அந்தப் புகைப்படங்கள் இன்று மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக்காப்பகத்தில் குடும்பங்களின் பொக்கிஷமாக இருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் விவசாயக் கூலி ஒருவரின் முகம், அவரது பெயரோடும் ஊரோடும் சேர்ந்து காணக் கிடைப்பது அரிது. அவர் பிறந்த ஊரில் அவரை யாரும் படமெடுத்திருக்க வாய்ப்பில்லை. அவர்கள் கரையேறிய ‘ஆப்ரவாசி காட்’ 2006இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது.

இந்தப் பட்டியல்கள் பெண்களைப் பதிந்துள்ள முறை தனியே கவனிக்கத்தக்கது. தமிழ்க் குடும்பங்களின் கொடிவழி தகப்பன், பாட்டன், பூட்டன் என்று ஆண்வழியிலேயே ஏறும். அதில் பாட்டியின் தாய் யார், அவர் எந்த ஊரிலிருந்து வந்தார் என்பது இரண்டு தலைமுறைக்குள் மறந்துபோகும். கப்பல் பட்டியலிலோ ஒவ்வொரு பெண்ணுக்கும் தனி எண் உண்டு. தகப்பன் பெயரும் கிராமமும் அவருக்கெனத் தனியே எழுதப்பட்டிருக்கும். ஆண்களின் எண்ணிக்கைக்கு இத்தனை விழுக்காடு பெண்களையும் ஏற்ற வேண்டும் என்ற விதி இருந்ததால், கணவனோடு சென்றவர்களோடு தனியே புறப்பட்டவர்களும் கணிசமாக இருந்தார்கள். வட இந்தியாவிலிருந்து ஃபிஜிக்குச் சென்ற வயதுவந்த பெண்களில் பெரும்பாலோர் துணையின்றிச் சென்றவர்கள் என்பதை பிரிஜ் லாலின் ஆய்வு காட்டியது. விதவைகள், கைவிடப்பட்டவர்கள், கொடுமை பொறுக்காமல் வெளியேறியவர்கள் எனப் பல வகையினர் அவர்களில் இருந்தார்கள். ஊர் மறைக்க விரும்பிய இந்தப் பெண்களின் வாழ்க்கை ஒரு வரியளவிலேனும் பதிவாகியிருப்பது இந்தப் பேரேடுகளில்தான். ஆண்வழிக் கொடிவழிகள் பலவற்றையும்விட இவை பெண்களுக்கு நியாயமாக இருக்கின்றன.

பெயர்களின் எழுத்துக்கூட்டல் தேடுவோரைப் பெரிதும் அலைக்கழிக்கும். தமிழ் அறியாத எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதால் ஒரே குடும்பத்தின் பெயர் மூன்று ஆவணங்களில் மூன்று விதமாக இருக்கும். தகப்பனின் தனிப்பெயர் அடுத்த தலைமுறைக்குக் குடும்பப் பெயராக மாறியிருக்கும். ஊரில் தேடி வருவார்களோ என்று அஞ்சிப் பொய்ப்பெயர் கொடுத்தவர்களும் உண்டு. பொறுமையும், தமிழ்ப் பெயர்களை உச்சரித்துப் பார்க்கும் பழக்கமும் இருந்தால் இவற்றில் பலவற்றைக் கடந்துவிடலாம்.

உண்மையான தடை கடலின் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. டர்பனிலோ மோக்காவிலோ கிடைத்த ஒரு வரியைக் கையில் எடுத்துக்கொண்டு தமிழ்நாட்டுக்கு வருபவர் முதலில் சந்திப்பது மாறிப்போன எல்லைகளை. வட ஆர்க்காடு ஜில்லா, சித்தூர் தாலுகா என்று எழுதப்பட்ட ஊர் இன்று ஆந்திரத்தில் இருக்கிறது. 1911இல் சித்தூர் மாவட்டம் தனியே பிரிந்தது, அதிலிருந்த திருத்தணி 1960இல் சென்னை மாநிலத்துக்கு வந்தது. புதூர், நல்லூர், பாளையம் என்று முடியும் ஊர்கள் மாவட்டந்தோறும் பத்துப் பன்னிரண்டு இருக்கும். சரியான ஊரைக் கண்டுபிடித்தாலும் அங்கே அவர் முன்னோரின் பெயர் எழுதப்பட்டிருக்க வேண்டுமே என்பது அடுத்த கவலை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1871 முதல் நடந்தாலும், வீடுவீடாக நிரப்பிய படிவங்கள் பாதுகாக்கப்படவில்லை. தொகுத்த எண்ணிக்கைகள் மட்டுமே அச்சாயின. பிரிட்டனில் அதே போன்ற படிவங்கள் பத்திரப்படுத்தப்பட்டு, நூறாண்டுக் காப்புக் காலம் முடிந்ததும், 1921ஆம் ஆண்டுக்குரியவை 2022இல் மக்கள் பார்வைக்கு வந்தன. சென்னை மாகாணத்தில் ஞானஸ்நானம் பெற்ற ஆங்கிலேயரின் குழந்தைகளைப் பற்றிய பதிவுகள்கூட 1698இலிருந்து லண்டனில் வரிசையாக இருக்கின்றன. அதே மாகாணத்தின் உழவருக்கு அப்படிப்பட்ட பதிவு ஏதுமில்லை. கிராமப்புறப் பிறப்பு, இறப்புப் பதிவுக்கான சென்னை மாகாணச் சட்டமே 1899இல்தான் வந்தது, அதற்குள் பெரும்பாலான கப்பல்கள் புறப்பட்டுப் போயிருந்தன.

எஞ்சுபவை நிலவரி ஆவணங்கள். ஒவ்வொரு புல எண்ணுக்கும் உரிய பரப்பையும் தீர்வையையும் பட்டாதாரரையும் காட்டும் செட்டில்மெண்ட் பதிவேடுகள், வரியிலியாகவோ குறைந்த வரிக்கோ விடப்பட்ட இனாம் நிலங்களின் பதிவேடுகள், ஆண்டுதோறும் நடந்த ஜமாபந்தியின் கணக்குகள் முதலியவை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகத்திலும் மாவட்ட, வட்ட அலுவலகங்களிலும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றில் வரும் பசலி ஆண்டோடு 590ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1300 என்பது 1890 ஜூலையில் தொடங்கியது. இவை யாவும் நிலம் வைத்திருந்தவரின் பெயரையே சொல்லும். நிலமில்லாதவர், பண்ணையாளாக வாழ்ந்தவர், சேரியில் குடியிருந்தவர் ஆகியோரைப் பற்றி வரிக்கணக்கில் எழுத வேண்டிய தேவை அரசுக்கு இல்லாமற்போனதால் அவர்கள் ஊரில் இருந்தும் ஏட்டில் இல்லாதவர்களாயினர். ஊர்க்கணக்கை மனத்தில் வைத்திருந்த பரம்பரைக் கணக்குப்பிள்ளைகளின் பதவியும் 1980இல் ஒழிக்கப்பட்டது. அந்தப் பதவி ஒழிந்தது சமூக நீதிக்கு ஏற்றதுதான். ஆனால் அவர்கள் வீட்டுப் பரண்களில் இருந்த பழைய ஓலைகளையும் தாள்களையும் திரட்டிக் காக்கும் பணி அத்தோடு முறையாக நடந்திருக்க வேண்டும்.

இந்நிலையில் எழுத்துக்கு வெளியே கிடைக்கும் ஒரு சான்று மிகவும் உதவக்கூடியது. தமிழ்க் குடும்பங்கள் குலதெய்வத்தை எளிதில் மறப்பதில்லை. ஒரே குலதெய்வத்தை வணங்கும் பங்காளிகள் ஊர் விட்டு ஊர் பரவினாலும் படையலுக்கு ஓரிடத்தில் கூடுவார்கள். கடல் கடந்தவர்களும் அந்தப் பெயரைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்த குடும்பங்கள் உண்டு. மாரியம்மன் போன்ற பொதுவான பெயராக இருந்தால் அது பயன்படாது. ஆனால், ஓர் ஏரிக்கரைக்கோ ஒரு குன்றுக்கோ மட்டுமே உரிய தெய்வப் பெயராக இருந்தால், தாலுகாவின் பெயர் மட்டும் தெரிந்த தேடலை அது ஒரு சிற்றூருக்குக் கொண்டு சேர்த்துவிடும். மரபணுச் சோதனை தூரத்து உறவினரைக் காட்டலாமே தவிர ஊரின் பெயரைச் சொல்லாது. அந்த வகையில் குலதெய்வத்தின் பெயர் அதைவிடக் கூர்மையான குறிப்பு. வாய்மொழியை எழுத்துச் சான்றுக்கு அடுத்த நிலையில் வைக்கும் ஆய்வு முறை இங்கே பொருந்தாது.

ஆவணமே இல்லாத நிலை என்ன செய்யும் என்பதற்கு இலங்கை மலையகத்தைவிடத் துயரமான சான்று வேண்டியதில்லை. மொரீசியசுக்கும் நேட்டாலுக்கும் ஆள் சேர்த்த முறை வேறு. இலங்கைக்கு ஆள் சேர்த்த முறை வேறு. இங்கே கங்காணி என்ற மேஸ்திரி தன் ஊருக்குப் போய், தன் உறவினரையும் அண்டை வீட்டாரையும் முன்பணம் கொடுத்துத் திரட்டி, படகேற்றி, பிறகு காட்டு வழியே நடத்திக் காப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் அழைத்துச் சென்றார். அவர்களிடம் தனிநபர் ஒப்பந்தம் எழுதி வாங்கப்படாததால் கப்பல் பட்டியலும் இல்லை. ஒருவர் தோட்டம் மாறுவதற்குத் தேவைப்பட்ட ‘துண்டு’ என்ற சீட்டு அவரது கடன் தொகையைச் சொன்னதே தவிர அவர் எந்த ஊரிலிருந்து வந்தவர், யாருடைய மகன் என்று சொல்லவில்லை. 1921இல் ஒழிக்கப்படும்வரை அந்தச் சீட்டுதான் தொழிலாளியின் இருப்பை நிர்ணயித்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த தகர டிக்கெட்டிலும் ஊரோ தகப்பன் பெயரோ இல்லை.

அதன் விளைவு 1948இல் தெரிந்தது. அந்த ஆண்டு இயற்றப்பட்ட 18ஆம் எண் குடியுரிமைச் சட்டம், நாட்டில் பிறந்த ஒருவர் வம்சாவளிக் குடிமகனாக வேண்டுமானால் அவருடைய தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் அவருடைய தந்தையும் அங்கே பிறந்திருக்க வேண்டும் என்று வரையறுத்தது. லயம் என்ற தோட்டத்து வரிசைக் குடியிருப்பில் பிறந்து, கொழுந்து பறித்து, அதே மலையில் புதைக்கப்பட்ட பாட்டனின் பிறப்பை எந்தத் தாளைக் காட்டி மெய்ப்பிப்பது? வம்சாவளி ஆவணம் என்பது ஓய்வு நேர ஆர்வமாக இருந்த நிலை மாறி, ஒரு மக்கள் கூட்டத்தின் வாழ்வுரிமையாக மாறிய இடம் இது. அடுத்து வந்த 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ் ஏறத்தாழ எட்டு லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போடப்பட்டன. தொடர்ச்சியாக வசித்ததை மெய்ப்பிக்கும் சான்றுகள் கேட்கப்பட்ட நிலையில், சுமார் 1,34,000 பேருக்கே குடியுரிமை கிடைத்தது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் எஞ்சிய 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்து, மீதியைப் பின்னர் பேசிக்கொள்வதாக ஒத்திவைத்தது. அந்த மக்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒப்பந்த நாளிலிருந்து இலங்கையில் நிலையாக வாழ்ந்துவந்த நாடற்றவர்களுக்கும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது.

மறுபுறம், பேரேடு இருந்தவர்களுக்கு இன்று அது வேறொரு கதவைத் திறந்துகொண்டிருக்கிறது. வெளிநாடு வாழ் இந்தியக் குடிமகன் என்ற அட்டைக்கு, சாதாரணமாக இந்தியாவில் பிறந்தவரின் கொள்ளுப்பேரன், கொள்ளுப்பேத்தி வரையே தகுதி உண்டு. மொரீசியசிலுள்ள இந்திய வம்சாவளியினருக்கு அது ஏழாம் தலைமுறை வரை நீட்டிக்கப்படும் என்று 2024 மார்ச்சிலும், டிரினிடாட்டினருக்கு ஆறாம் தலைமுறை வரை என்று 2025 ஜூலையிலும் இந்திய அரசு அறிவித்தது. ஆறேழு தலைமுறைகளைத் தாளில் நிறுவ முடிகிறது என்றால், அந்தத் தீவுகளின் ஆவணக்காப்பாளர்கள் பேரேடுகளைக் கரையானிடமிருந்தும் புயலிடமிருந்தும் காத்ததே அதற்குக் காரணம். ஒப்பிட்டால், தமிழ்நாடு தன் பங்கை இன்னும் தொடங்கவில்லை.

அயலகத் தமிழர் நலனுக்கெனத் தனித் துறை வைத்திருக்கும் மாநிலம் இது. வெளிநாடுகளில் பிறந்த தமிழ் இளைஞர்களை ‘வேர்களைத் தேடி’ என்ற திட்டத்தின் கீழ் அழைத்துவந்து கோயில்களையும் தொல்லியல் களங்களையும் காட்டும் நல்ல முயற்சியும் நடக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் எல்லாருக்கும் பொதுவான பெருமிதம்; ஆனால், நேட்டாலிலிருந்து வரும் ஓர் இளைஞருக்கு வேர் என்பது தென் ஆர்க்காட்டின் ஏதோ ஒரு சிற்றூரின் தெருவாகும். அந்தத் தெருவரை அவரைக் கொண்டுசெல்ல மூன்று வேலைகள் நடக்க வேண்டும். டர்பன், மோக்கா, ஃபிஜியின் சுவா ஆகிய இடங்களிலும், பிரெஞ்சுக் காலனிகளின் ஆவணங்கள் உள்ள ஏக்ஸ்-அன்-ப்ரோவான்ஸ் நகரிலும் இருக்கும் சென்னை, புதுச்சேரிப் பயணிகளின் பட்டியல்களுக்கு எண்மப் படிகள் பெறப்பட வேண்டும். பழைய ஜில்லா, தாலுகா, கிராமப் பெயர்களையும் அவற்றின் ஆங்கில, பிரெஞ்சுத் திரிபுகளையும் இன்றைய ஊர்களோடு பொருத்தும் ஓர் ஊர்ப்பெயர் அகராதி தொகுக்கப்பட வேண்டும்; தமிழ் ஊர்ப்பெயர்களின் இயல்பறிந்த பல்கலைக்கழகத் துறைகள் இதைச் செய்ய முடியும். வட்ட அலுவலகங்களில் நைந்துகொண்டிருக்கும் செட்டில்மெண்ட் பதிவேடுகள் எண்மப்படுத்தப்பட வேண்டும்.

இந்தப் பட்டியல்களில் சாதியைக் குறிக்கும் பத்தியை எப்படிக் கையாள்வது என்பதில் தயக்கம் எழும், அது நியாயமானதே. எழுத்தர் கேட்டு எழுதியதும், பயணி மாற்றிச் சொன்னதும் கலந்த அந்தப் பத்தி எல்லாருக்கும் திறந்திருந்தால் பல குடும்பங்களின் இன்றைய வாழ்வைக் காயப்படுத்தக்கூடும். வழித்தோன்றல் என்று நிறுவியவருக்கு மட்டும் அதைக் காட்டி, ஆய்வாளருக்குப் பெயர் நீக்கிய தொகுப்பாகத் தருவது ஏற்கத்தக்க வழி. அதே நேரத்தில் அந்தப் பத்தியை அழித்துவிடுவதும் தவறாகும். ஒடுக்கப்பட்டவர்களே பெருமளவில் கடல் கடந்தார்கள் என்பதையும், ஊரில் தங்களுக்கு மறுக்கப்பட்டதை அங்கே அவர்கள் எப்படி ஈட்டினார்கள் என்பதையும் நாளை நிறுவுவதற்கு அதைவிட்டால் வேறு சான்று இருக்காது.

இவற்றுக்கெல்லாம் முன்பாகச் செய்ய வேண்டிய பணியொன்று நீலகிரியில் காத்திருக்கிறது. சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து மண்டபம் முகாமில் வந்திறங்கிக் கோத்தகிரியிலும் கூடலூரிலும் குடியமர்ந்த தாயகம் திரும்பியோரின் முதல் தலைமுறை இப்போது முதுமையில் இருக்கிறது. அவர்களிடம் அன்றைய பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும் தோட்டத்துச் சான்றுகளும் தகரப்பெட்டிகளில் இருக்கின்றன. பிரிந்துபோன அண்ணன் தம்பியர் எந்தத் தோட்டத்தில் நின்றுவிட்டார்கள், பாட்டன் எந்தக் கங்காணியோடு எந்த ஊரிலிருந்து புறப்பட்டார் என்ற செய்திகள் அவர்கள் நினைவில் இருக்கின்றன. கப்பல் பட்டியலே இல்லாத ஒரு மக்களுக்கு அந்த நினைவும் அந்தத் தாள்களும்தான் பட்டியல். அருகிலுள்ள கல்லூரி ஒன்றின் வரலாற்றுத் துறை மாணவர்களை ஒலிப்பதிவுக் கருவியோடும் வருடியோடும் அந்தக் குடியிருப்புகளுக்கு அனுப்புவதற்குப் பெருஞ்செலவு ஆகாது. அடுத்த கல்வியாண்டிலேயே அதைத் தொடங்கிவிடலாம்.